குடும்பத்தில் யாருக்காவது

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அத்தானும் நலம்தானே? அம்மாவின் சட்டப்படி முதல் வரியை எழுதியாகிவிட்டது. கடிதத்தைப் பிரிக்கிறவர் கை நடுங்கக் கூடாது, அதனால் எது எப்படி இருந்தாலும் முதலில் நலம் என்றுதான் எழுத வேண்டும் என்பாளே. இனி உண்மையைப் பேசலாம்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உன் தையல் கடையில் நீ போனை எடுத்தால் நாலு மெஷினும் நின்று நாலு தலையும் திரும்புகின்றன. என் அலுவலகத்தில் சுவருக்கே காது உண்டு. அதனால்தான் காகிதம்.

என் கழுத்து வலி உனக்குத் தெரிந்ததுதான். இப்போது வலது கையில் இரண்டு விரல்கள் மரத்துப்போகின்றன. கவுண்டரில் மனுவுக்கு முத்திரை குத்தும்போது கட்டை நழுவி விழுகிறது. தோளில் உள்ளாடைப் பட்டி அழுத்திய பள்ளத்தில் பென்சிலை வைத்தால் உருளாமல் நிற்கிறது. வைத்தே பார்த்தேன். மார்புக்கு அடியில் வேர்வையில் தோல் வெந்து, களிம்பு போட்டு ஆற்றி, மறுபடி வெந்து, இதுவே பிழைப்பாகிவிட்டது. பஸ்ஸைப் பிடிக்க ஓடி எத்தனை வருஷம் ஆகிறது தெரியுமா? மனு கொடுக்க வரும் ஆண்களில் பாதிப் பேர் என் முகம் எங்கே இருக்கிறது என்று தேடுவதே இல்லை.

எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "கழுத்துல தப்பில்லம்மா. அது தூக்கிட்டுத் திரியிற பாரம்தான் தப்பு" என்றார். ஒரு அறுவை டாக்டரிடம் அனுப்பினார். பெண் டாக்டர்தான். மார்பைச் சிறிதாக்கும் ஆபரேஷன் செய்கிறவர். அடுத்த மாதம் வந்தால் எல்லாவற்றையும் விளக்குகிறேன் என்றிருக்கிறார்.

செய்துகொள்ளலாம் என்று முக்கால்வாசி முடிவு செய்துவிட்டேன். மீதிக் கால்வாசி உன் கையில். பதிமூன்று வயதிலிருந்து எனக்கு அளவெடுத்துத் தைக்கிறவள் நீ. சரி என்று ஒரு வார்த்தை எழுது.

அத்தானிடம் சொல்ல வேண்டாம். சொன்னாலும் பரவாயில்லை. வேண்டாம், சொல்லாதே.

உன் தங்கை
மண்டு

*

ஜனவரி 24

அன்புள்ள மண்டுவுக்கு,

இங்கே நானும் உன் அத்தானும் நலம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் கடிதத்தை மெஷின் மேல் வைத்துக்கொண்டே படித்தேன். முடித்துவிட்டுப் பார்த்தால் ஒரு பள்ளிச் சட்டைக்கு இரண்டு பக்கமும் இடது கையையே வைத்துத் தைத்திருக்கிறேன். பிரித்துக்கொண்டே யோசித்ததை எழுதுகிறேன்.

இருபத்தெட்டு வருஷமாகத் துணி வெட்டுகிறவள் நான். பெரிதாக வெட்டிவிட்டால் பிடித்துத் தைக்கலாம். சிறிதாக வெட்டிவிட்டால் அந்தக் கடவுளே வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. துணியே இப்படியென்றால் தோல் எப்படி இருக்கும்? தையல் தழும்பு ஆயுசுக்கும் நிற்கும். எங்கள் வாடிக்கைக்காரம்மா ஒருத்தியின் நாத்தனார் செய்துகொண்டாளாம், ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி நிற்கிறதாம். நாளைக்கு உனக்குக் கல்யாணம் ஆகி ஒரு குழந்தை பிறந்தால் பாலுக்கு என்ன செய்வாய்? தலைவலி போய்த் திருகுவலி வந்த கதையாகிவிடும்.

போன மாதம் அனுப்பிய அகலப் பட்டி உள்ளாடையைப் போட்டுப் பார்த்தாயா? பட்டியை இன்னும் அரை இஞ்ச் அகலமாக்கித் தருகிறேன். முதுகில் குறுக்காக ஓட்டினால் பாரம் பிரியும்.

ஆபரேஷன் என்றால் கத்தி பிடிக்கிற ஒரு மணி நேரம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அதற்குப் பிறகு படுத்திருக்கிற நாட்கள் இருக்கிறதே, அதுதான். சரி, அதை விடு.

வேண்டாம் மண்டு. நான் சொன்னால் கேட்பாய்.

உன் அக்கா

*

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலமும் அத்தான் நலமும் அறிய ஆவல்.

வாடிக்கைக்காரம்மாவின் நாத்தனாரைக் கொஞ்சம் ஓரமாக உட்காரச் சொல். நேற்று டாக்டரைப் பார்த்துவிட்டேன். நீ பயமுறுத்துவதற்கு முன்னாலேயே அவர் நன்றாகப் பயமுறுத்திவிட்டார். "நான் முழுசாச் சொல்லி முடிக்கிற வரைக்கும் சரின்னு சொல்லாதீங்க" என்று ஆரம்பித்தார். பேனாவை எடுத்துத் தாளில் வரைந்து காட்டினார். காம்பைச் சுற்றி ஒரு வெட்டு, அங்கிருந்து நேராகக் கீழே ஒன்று, அடி மடிப்போடு ஒன்று. தழும்பு மங்குமாம், மறையாதாம். காம்பில் உணர்ச்சி குறையலாம், அடியோடு போகலாம். அபூர்வமாக ரத்த ஓட்டம் கெட்டுக் காம்பே கருகிப்போகலாம். பால் கொடுக்க முடியாமல் போகலாம். இரண்டு பக்கமும் அச்சாக ஒன்றுபோல வராது. தையல் சேரும் மூலையில் புண் பிரியலாம், சீழ் பிடிக்கலாம், உள்ளே ரத்தம் கட்டித் திரும்பத் திறக்க வேண்டி வரலாம். எடை ஏறினால் மறுபடி வளரலாம். மயக்க மருந்தின் ஆபத்து தனி.

கடைசியில் விரலை மடக்கி, "கால்ல ரத்தம் உறைஞ்சு அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போகலாம். அபூர்வம்தான். ஆனா வந்தா உயிருக்கே ஆபத்து" என்றார்.

பிறகு நாலு பக்கப் படிவம் ஒன்றைக் கொடுத்தார்கள். சிரிக்காதே, எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. அலுவலகத்தில் எனக்கு வைத்திருக்கிற பெயர் தெரியுமல்லவா? திருப்பியனுப்பும் அம்மா. ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் மனுவை வாங்க மாட்டேன். இங்கே ஒன்றுவிடாமல் நிரப்பினேன். நர்ஸ் பார்த்துவிட்டு, "இப்படி யாருமே எழுதித் தர்றதில்லக்கா" என்றாள். குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் உறைந்திருக்கிறதா? இல்லை. மயக்க மருந்தில் சிக்கல் வந்திருக்கிறதா? இல்லை. தாய் உயிருடன் இருக்கிறாரா? இல்லை. காரணம்? மாரடைப்பு. நமக்கெல்லாம் என்ன வந்தது? கல்லைத் தின்றாலும் செரிக்கிற குடும்பம்.

ஏப்ரல் 17 என்று தேதி கொடுத்திருக்கிறார்கள். கால்வாசி இன்னும் பாக்கி இருக்கிறது அக்கா.

மண்டு

*

பிப்ரவரி 16

அன்புள்ள மண்டுவுக்கு,

நலம். நலமாயிரு.

ஒரே ஒரு விஷயம் கேட்கத்தான் எழுதுகிறேன். ஆபரேஷனுக்கு முன்னால் ரத்தம் எடுத்துப் பரிசோதிப்பார்கள் அல்லவா? எல்லாவற்றையும் பார்ப்பார்களா, இல்லை சர்க்கரை, ரத்தச்சோகை என்று மேலோட்டமாகவா? டாக்டரம்மாவிடம், இருக்கிற எல்லாப் பரிசோதனையும் செய்துவிடுங்கள் என்று நீயாகவே கேள். ஏன் என்று கேட்டால் அக்கா பயந்தாங்கொள்ளி என்று சொல்.

தேதியைக் கொஞ்சம் தள்ளிப்போடேன். வெயில் காலத்தில் புண் ஆறாது.

அக்கா

*

மார்ச் 5

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அங்கேயும் அப்படித்தான் என்று நம்புகிறேன்.

ரத்தம் எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறதாம். இன்னும் வேறு பரிசோதனை இருக்கிறதா என்று நீ சொன்னபடியே கேட்டேன். "காரணம் இருந்தா எடுக்கலாம். உங்க படிவத்துல காரணம் ஒண்ணும் இல்லையே" என்றார் டாக்டர். போதுமா?

இப்போது நான் கேட்கிறேன். போன வாரம் மூன்று முறை போன் செய்து, அங்கே மழையா என்று கேட்டுவிட்டு வைத்தாய். உன் ஊர் மழையையே நீ கவனிக்க மாட்டாய். நீ எதையோ மென்று விழுங்குகிறாய். ஊர் என்ன சொல்லும் என்ற கவலையா?

பழசைக் கிளறக் கூடாது என்று பார்க்கிறேன். ஆனால் இப்படி நீ சுற்றி வளைக்கும்போதெல்லாம் அந்தக் கடிதம்தான் ஞாபகம் வருகிறது. எனக்குக் கடைசிப் பரீட்சை நடந்துகொண்டிருந்தபோது, "அம்மா உட்பட எல்லோரும் நலம், நன்றாக எழுது" என்று நீ எழுதியது. அந்தத் தேதியில் அம்மா போய் இரண்டு நாள் ஆகியிருந்தது. நான் வந்து பார்த்தபோது அம்மாவின் கட்டிலைக்கூட மடித்து வைத்துவிட்டீர்கள். இனி எதையும் மறைக்க மாட்டேன் என்று என் தலையில் கை வைத்துச் சொன்னாய். பதினாலு வருஷம் ஆகிறது. அந்தக் கை இன்னும் என் தலையில்தான் இருக்கிறது.

ஆபரேஷன் முடிந்து இரண்டு வாரம் கையைத் தூக்கக் கூடாதாம். நீ வந்து கூட இருப்பாயா?

மண்டு

*

மார்ச் 14

அன்புள்ள மண்டுவுக்கு,

நலம்.

யூனிபார்ம் வேலை குவிந்திருக்கிறது. வருவது கஷ்டம். பார்சலில் மூன்று அங்கிகள் அனுப்பியிருக்கிறேன். முன்பக்கம் முழுக்கத் திறக்கும், பொத்தான் இல்லை, நாடாதான். கையைத் தூக்காமலே போட்டுக் கழற்றலாம். தையல் உள்ளே உறுத்தக் கூடாது என்று ஓரத்தையெல்லாம் வெளிப்பக்கமாக மடித்திருக்கிறேன். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும்.

அங்கி தைத்து அனுப்பியதால் சரி என்று சொல்லிவிட்டதாக நினைக்காதே.

அக்கா

*

மார்ச் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அங்கி மூன்றும் வந்தன. ஒன்றைப் போட்டுப் பார்த்துக் கண்ணாடி முன்னால் நின்று கொஞ்சம் அழுதேன். ஏன் என்று தெரியவில்லை.

நேற்று ஆஸ்பத்திரியில் படிவத்தை ஒரு முறை படித்துக் காட்டினார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் "உறுதியா?" என்று கேட்டாள் நர்ஸ். உறுதி, உறுதி, உறுதி. கடைசியில், மேலே எழுதிய அனைத்தும் உண்மை என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். விரல் மரத்துப்போய்க் கையெழுத்துக் கோணிக்கொண்டது.

இன்னும் மூன்று வாரம்.

மண்டு

*

ஏப்ரல் 3

மண்டு,

முதல் வரியை எழுதவில்லை. கை நடுங்கினால் உட்கார்ந்து படி.

குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் உறைந்திருக்கிறதா என்ற கட்டத்தில் நீ எழுதிய 'இல்லை' பொய். பொய் உன்னுடையதில்லை, என்னுடையது.

நாலு வருஷத்துக்கு முன்னால் இரண்டு மாதம் உனக்குக் கடிதம் வரவில்லை, நினைவிருக்கிறதா? யூனிபார்ம் வேலை, கை ஒழியவில்லை என்று எழுதினேன். அப்போது எனக்குக் கருப்பையை எடுத்தார்கள். கட்டிகள், நிற்காத ரத்தப்போக்கு. பிள்ளை இல்லாதவள் என்ற பேச்சு அடங்கவே அத்தனை வருஷம் ஆயிற்று. இப்போது அதற்கான இடமும் இல்லை என்று எழுத எனக்கு மனசு வரவில்லை.

ஆறாம் நாள் இடது கெண்டைக்கால் வலித்தது. படுத்தே கிடப்பதால் என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. பத்தாம் நாள் குளியலறைக்குப் போகும்போது மூச்சு நின்றது. வலி என்றுகூடச் சொல்ல முடியாது, உள்ளே காற்றுப் போகிற வழியே இல்லை. உன் அத்தான் என்னைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார். காலில் உறைந்த ரத்தம் நுரையீரலில் போய் அடைத்திருக்கிறது. பதினோரு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தேன். இன்றைக்கும் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறேன்.

அங்கே டாக்டர் கேட்டார், "உங்க அம்மா எப்படி இறந்தாங்க?" கணுக்கால் எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டு மூன்று வாரம் படுத்திருந்தாள், ஒரு நாள் எழுந்து நின்றாள், மூச்சு வரவில்லை என்றாள், அவ்வளவுதான், மாரடைப்பு என்றார்கள் என்று சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இப்ப நிச்சயமாச் சொல்ல முடியாது. ஆனா அது மாரடைப்பா இருந்திருக்காதும்மா." ஒரு பரிசோதனை செய்தார்கள். சீக்கிரம் உறைகிற ரத்தமாம். பரம்பரையில் வருவதாம். "கூடப் பிறந்தவங்க இருக்காங்களா? அவங்களுக்கு எந்த ஆபரேஷன்னாலும் முன்னாடியே இதைச் சொல்லியாகணும்" என்றார். சொல்கிறேன் என்றேன்.

நீ செய்துகொண்டது வழக்கமான பரிசோதனை. அதில் இது தெரியாது, கேட்டுவிட்டேன். மாதவிலக்குக்கு ஏதோ மாத்திரை சாப்பிடுவதாகச் சொன்னாயே, அதுவும் இதற்கு ஆகாதாம். அதையும் சொல்.

ஏன் மறைத்தாய் என்பாய். முதலில் நீ பயப்படுவாய் என்று. பிறகு உன் தலையில் வைத்த கைக்காக வெட்கப்பட்டு. நீ இந்த ஆபரேஷனை விட்டுவிட்டால் நான் சொல்லவே வேண்டியிருக்காது என்று கணக்குப் போட்டேன் மண்டு. அதனால்தான் தழும்பு, பால், கல்யாணம் என்று கண்டதையும் எழுதினேன். மற்ற எல்லாப் பயத்தையும் காட்டிவிட்டு, நிஜமான பயத்தை முந்தானையில் முடிந்து வைத்திருந்தேன். மூன்று முறை போனும் செய்தேன். "சொல்லுக்கா" என்பாய், உடனே எனக்கு மழைதான் வாயில் வரும்.

இதையே டாக்டரம்மாவிடம் காட்டு. கூட என் இஞ்ச் டேப் வைத்திருக்கிறேன். என்றைக்கு எந்த ஆபரேஷன் செய்துகொண்டாலும் தினமும் காலையில் இரண்டு கெண்டைக்காலையும் ஒரே இடத்தில் அளந்து பார். ஒன்று மட்டும் ஒரு இஞ்ச் ஏறினால் யாரையும் கேட்காதே, ஆஸ்பத்திரிக்கு ஓடு. ஏறாவிட்டாலும் வலித்தால் ஓடு. மூச்சு முட்டினாலும் ஓடு.

மன்னிப்புக் கேட்கவில்லை. பதில் மட்டும் போடு.

அக்கா

*

ஏப்ரல் 20

மண்டு,

பதில் இல்லை. போன் செய்தால் துண்டிக்கிறாய். துண்டிக்கிற விரல் அசைகிறது என்பதே எனக்கு அன்றன்றைய நிம்மதி.

பதினைந்தாம் தேதி ஆஸ்பத்திரிக்கே போன் செய்தேன். நோயாளி விவரத்தை யாருக்கும் சொல்ல மாட்டோம் என்றாள் ஒரு பெண். "நீங்க சொல்ல வேண்டாம்மா, நான்தான் சொல்லணும்" என்றேன். எழுத்தில் கொடுங்கள் என்றாள். எழுதி அனுப்பினேன். போய்ச் சேர்ந்ததா என்று தெரியவில்லை. தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறவள் என்று அவர்களுக்கு என்ன தெரியும்?

பதினேழாம் தேதி கடைக்குப் போகவில்லை. பதினெட்டாம் தேதி உன் அலுவலகத்துக்குப் போட்டேன். யாரோ ஒருவர் எடுத்து, "அவங்களா? கவுண்டர்ல இருக்காங்க. யாரையோ திருப்பி அனுப்பிட்டிருக்காங்க" என்றார். போனை வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். உன் அத்தான் பயந்துவிட்டார்.

நீ பேச வேண்டாம். என்ன ஆயிற்று என்று ஒரு வரி.

அக்கா

*

மே 22

அக்காவுக்கு,

உன் கடிதம் ஏப்ரல் 9ஆம் தேதியே வந்துவிட்டது. அன்று பதினோரு மனுக்களைத் திருப்பி அனுப்பினேன். அதில் நாலு சரியான மனுக்கள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் என்னவென்று இப்போது தெரிகிறது. நீ அந்தப் பதினோரு நாளில் செத்துப்போயிருந்தால் அத்தான் எனக்கு என்ன எழுதியிருப்பார்? நலம் என்றா? அம்மாவைப் பார்க்க விடவில்லை. உன்னையும் பார்க்க விடாமல் போயிருப்பாய். ஆபரேஷனை நினைத்து நான் பயந்ததைவிட இதை நினைத்து நடுங்கியதுதான் அதிகம்.

கடிதத்தை டாக்டரிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். "எழுதினவங்க உங்களுக்குப் பெரிய உதவி பண்ணியிருக்காங்க" என்றார். "நாலு வருஷம் லேட்டா" என்றேன். தேதியை அங்கேயே அடித்துவிட்டார். மாத்திரையை நிறுத்தினார். ரத்தம் எடுத்து வெளியே அனுப்பினார். எனக்கும் அதே ரத்தம்தான் அக்கா. அம்மா நம் இருவருக்கும் பாகம் பிரிக்காமல் கொடுத்திருக்கிறாள்.

ரத்த டாக்டர் ஒருவரையும் பார்த்தேன். செய்யாமல் இருக்கலாம், யாரும் குறை சொல்ல மாட்டோம் என்றார்கள். செய்தால் உறையாமல் இருக்க ஊசி, காலுக்கு அழுத்தக் காலுறை, அன்று மாலையே எழுந்து நடக்க வேண்டும். ஊசியால் உள்ளே ரத்தம் கட்டும் ஆபத்து கொஞ்சம் கூடும். அத்தனை செய்தாலும் ஆபத்து முழுசாகப் போகாது. "ஆபத்து அன்னைக்கும் இதேதான் இருந்துச்சு. இப்ப நமக்குத் தெரியும், அதான் வித்தியாசம்" என்றார் டாக்டர்.

ஒரு மாதம் யோசித்தேன். வேண்டாம் என்று ஒரு வாரம், வேண்டும் என்று ஒரு வாரம். பஸ்ஸில் போகும்போது ஒரு முடிவு, இறங்கும்போது வேறு முடிவு. போன வாரம் முத்திரைக் கட்டை மறுபடி கைநழுவி ஒரு கிழவர் காலில் விழுந்தது. செய்துகொள்ளப் போகிறேன். ஜூன் 19. இந்த முறை முக்கால்வாசி இல்லை, முழுசும் என் முடிவு.

புதிய படிவம் கொடுத்தார்கள். குடும்பத்தில் யாருக்காவது? ஆம். தாய், மூத்த சகோதரி.

நீ வர வேண்டாம். கோபம் ஆறவில்லை. அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரம்மா கூட இருக்கிறேன் என்றிருக்கிறாள். டேப்பை வைத்துக்கொண்டேன்.

*

ஜூலை 3

அன்புள்ள அக்காவுக்கு,

வலது பதினாலு. இடது பதினாலு. இன்று காலை ஏழு மணிக்கு.

உயிரோடு இருக்கிறேன். இரண்டு பக்கமும் சேர்த்து ஒன்றேகால் கிலோ எடுத்தார்களாம். முதல் முறை எழுந்து நின்றபோது பின்னால் சாய்ந்துவிடுவேன் போலிருந்தது, இருபது வருஷப் பழக்கம் அப்படி. இடது பக்கம் தையல் சேரும் மூலையில் நகம் அளவு பிரிந்திருக்கிறது, தினமும் மருந்து வைத்துக் கட்டுகிறார்கள். இடது காம்பில் உணர்ச்சியே இல்லை. வரலாம், வராமலும் போகலாம். தொட்டால் யாருடையதையோ தொட்ட மாதிரி இருக்கிறது. அதை நினைத்தால் அழுகை வருகிறது, மறைக்க மாட்டேன். தழும்பு சிவந்து தடித்திருக்கிறது. ஆனால் விரல் மரக்கவில்லை அக்கா. இந்தக் கடிதம் முழுவதையும் ஒரே மூச்சில் எழுதுகிறேன்.

ஆறாம் நாள் இடது கால் பதினாலே முக்கால் காட்டியது. நீ சொன்ன ஒரு இஞ்ச் ஆகட்டும் என்று காத்திருக்கவில்லை. உன் நாடா அங்கியோடு அப்படியே போனேன். படம் எடுத்துப் பார்த்தார்கள். உறைவு இல்லை. காலுறை முட்டிக்குக் கீழே சுருண்டு இறுக்கியிருக்கிறது. சின்ன டாக்டர் ஒருவர் சிரித்தார். எனக்கு வெட்கமே வரவில்லை.

அங்கே வரிசையில் உட்கார்ந்திருந்தபோது உன்னை நினைத்தேன். அதே ஆறாம் நாள், அதே இடது கால். உன்னிடம் டேப் ஆயிரம் இருந்தும் அளக்கச் சொல்ல ஆளில்லை. தைலத்தைத் தேய்த்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்திருப்பாய். நான் ஒரு நாள் பயணத் தூரத்தில்தான் இருந்தேன். அந்த வரிசையில்தான் என் கோபம் போயிற்று. முழுசும் இல்லை. முக்கால்வாசி.

உன் கால் எப்படி இருக்கிறது? நலம் என்று எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவேன். அளவை எழுது.

மண்டு

*

ஜூலை 12

அன்புள்ள மண்டுவுக்கு,

வலது பதினாலரை. இடது பதினாறு. பயப்படாதே, இடது நாலு வருஷமாக அப்படித்தான். உள்ளே குழாய் கெட்டுவிட்டதாம், வீக்கம் இறங்காதாம். சாயங்காலம் ஆனால் கனக்கும். மெஷினை வலது காலால் மட்டும் மிதிக்கப் பழகிவிட்டேன். பக்கத்து மெஷின்காரிக்குக்கூட இது தெரியாது. நேற்று மாத்திரையை மறந்துவிட்டு உன் அத்தானிடம் திட்டு வாங்கினேன். இதையெல்லாம் எழுத எவ்வளவு நேரம் ஆயிற்று தெரியுமா? நலம் என்று எழுதக் கை தானாகப் போகிறது, இழுத்து இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

உன் இடது பக்கத்தை நினைத்து எனக்கும் அழுகை வந்தது. வேறென்ன சொல்வது என்று தெரியவில்லை.

நேற்று அளவு நோட்டை எடுத்தேன். உனக்கென்று ஒரு பக்கம் இருக்கிறதே, பதிமூன்று வயதில் ஆரம்பித்து வருஷா வருஷம் ஒரு எண்ணை அடித்துப் பக்கத்தில் இன்னொன்று எழுதியது. அதற்கு மேல் எழுத இடமும் இல்லை. புதுப் பக்கம் ஒன்றைத் திருப்பி உன் பெயரை எழுதினேன். தோள், மார்பு, இடுப்பு, கை நீளம் என்று கட்டம் கட்டினேன். அடியில் கெண்டைக்கால் என்று இரண்டு கட்டம் புதிதாகப் போட்டிருக்கிறேன், ஒன்று உனக்கு, ஒன்று எனக்கு. என்னுடையதை எழுதிவிட்டேன். மற்ற எல்லாம் காலியாகக் கிடக்கின்றன.

கடிதத்தில் அளவெடுக்க முடியாது. காலிக் கட்டம் உனக்குப் பிடிக்காதே. டாக்டரம்மா பயணம் போகலாம் என்று சொன்னதும், வந்து நிரப்பிவிட்டுப் போ.

உன் அக்கா